உலகம்மாள் வீட்டுக்காரர்

இல்ல அண்ணாச்சி, நான் உள்ள வரல. பட்டிமன்றம் கேக்கணும்னா நீங்க போயிக் கேளுங்க. புழுக்கமா இருக்கா? அப்பம் இப்பிடி உக்காருங்க. உங்க மண்டபத்து ஏசியவிட இந்த வேப்பமரத்துக் காத்து எவ்வளவோ தேவல. ஸ்பீக்கர வெளியவும் கட்டித் தொலைச்சிருக்கானுவ. வேண்டாம்னு உக்காந்திருந்தாலும் காதுல வந்து விழுந்துட்டுதான் இருக்கு.

இப்பம் பேசுதால்லா, அது என் வீட்டுக்காரிதான். ஆமா, சொற்சாரல் உலகம்மாள். சொற்சாரலாம்! தென்காசிக்காரின்னு தெரிஞ்சுக்கிட்டு எவனோ ஒரு நடுவர் குடுத்த பட்டம். சாரல்னா ஆனி ஆடியில வரும், போயிரும். இது வருசம் பூராவும் கொட்டுது. ஏழு வருசமா நான் நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்.

எம் பேரு குற்றாலிங்கம். சொல்லி வைக்கேன், ஏன்னா வேற யாரும் சொல்லமாட்டான். உங்க வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் இருக்காரே, வாசல்ல வச்சு எனக்கு வணக்கம் போட்டுட்டு, பக்கத்துல நின்னவருகிட்ட, "சார் யாரு தெரியும்லா, உலகம்மாள் வீட்டுக்காரர்"ங்காரு. நாப்பது வருசம் வேலவன் மகன் குற்றாலிங்கம்னு தென்காசியில தலை நிமுந்து நடந்தவன் நான். உங்களுக்கு என்ன கடை? ஜவுளியா? நல்லது. நானும் வியாபாரிதான். பாத்திரக்கடை. எங்கய்யா வச்ச கடை. பித்தளை, வெங்கலம், எவர்சில்வர், எல்லாம் உண்டு.

பட்டிமன்றம்னா என்ன அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் சண்டை போட்டா தெருவுல நின்னு எட்டிப் பாப்பான். அதே சண்டைய மேடையில போட்டா, சேர் போட்டு உக்காந்து கை தட்டுவான். நடுவுல ஒருத்தன், ரெண்டு பக்கமும் சரிதான்னு சொல்லதுக்கு. அதுக்கு எதுக்கு ஒரு மூணு மணி நேரம்? வந்ததும் அத நான் சொல்லிருவேன். கடைசியில ஆளுக்கொரு பொன்னாடை. எங்க வீட்டுல வந்து பாருங்க. கிரைண்டருக்குப் பொன்னாடை, தையல் மெசினுக்குப் பொன்னாடை, மொட்டை மாடியில வத்தல் காயப் போட்டா அதுக்கு மேல பொன்னாடை. காக்காகூட எங்க வீட்டு வத்தல மரியாதையாத்தான் பாக்கும்.

சிரிக்கேளா? சிரிங்க. இதத்தான் சொல்ல வந்தேன். நான் எரிச்சல்ல சொல்லுதேன், நீங்க சிரிக்கேங்க. அவளும் இதைத்தான் செய்யுதா. நான் வீட்டுல வயிறெரிஞ்சு சொல்லுதத அப்பிடியே முந்தானையில முடிஞ்சுட்டுப் போயி மேடையில அவுக்கா. ஊரு சிரிக்கு.

எப்பிடி ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. அப்பம் அவ ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். எம்.ஏ. படிச்சவ. படிச்ச பொண்ணு வேணும்னு எங்கக்கா சங்கரவடிவுதான் தேடிக் கட்டி வச்சா. அதுக்குப் பொறவு அவளே, "படிச்சதக் கட்டினது தப்பாப் போச்சுலே"ன்னு பொலம்பினா. அது வேற. அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வச்சிருந்தாங்க. பேச வேண்டிய அம்மா ஒருத்தி வந்த பஸ்ஸு கடையநல்லூர்ல நின்னு போச்சு. ஆள் இல்ல. ஹெட்மாஸ்டர் அம்மா இவளப் புடிச்சு மேடையில தள்ளிவிட்டுட்டா. நான் கடையில இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது.

மறுநா கடையில ஒரு பொம்பள கரண்டி வாங்க வந்தா. என்னையப் பாத்தா, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "என்னம்மா?"ன்னேன். "நீங்க உலகம்மா டீச்சர் வீட்டுக்காரர்தான? நேத்து வயிறு வலிக்கச் சிரிச்சோம்"னா. "எதுக்கு?"ன்னு கேட்டேன். "நீங்க தோசை சாப்பிடுத கதைக்குத்தான்"னா.

தோசை கதை என்ன தெரியுமா? தட்டுல தோசைய வச்சா, நான் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன். எங்கயாவது கிழிஞ்சிருக்கா, ஓட்டை இருக்கான்னு. பாத்திரக்கடைக்காரன் அண்ணாச்சி! ஓட்டை பாக்காம ஒரு டம்ளரக் கையில வாங்கமாட்டேன். அது தொழில் சுத்தம். அதுல என்ன சிரிப்பு இருக்கு? அந்தப் பொம்பள கரண்டிய எடுத்து அப்பிடி வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுதா. போட்டி அங்கிட்டு, உனக்குக் கரண்டி இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

என்ன அப்பிடிப் பாக்கேங்க? ஆமா, அனுப்பிட்டேன். எங்கடையில வாங்கதுக்கும் ஒரு தகுதி வேணும். இது ஏன் கனமா இருக்குன்னு கேப்பான், வெளிய போங்கேன். பக்கத்துக் கடையில கொறைச்சுத் தாறானேன்னு சொல்லுவான், அங்கயே போயி வாங்குலேங்கேன். எங்கய்யா பாவம், எல்லார்கிட்டயும் குழைவாரு. நான் அப்பிடி இல்ல. தரம் தெரியாதவனுக்கு எதுக்குத் தரமான சரக்கு?

சரி, கதைக்கு வாறேன். அன்னைக்கி வீட்டுக்குப் போயி அவளக் கேட்டேன். "ஏட்டி, என்னைய வச்சு ஊரச் சிரிக்க வச்சியாமே?" அவ என்ன சொல்லணும்? தப்பாப் போச்சுங்கன்னு சொல்லணும். அவ, "மேடையில நின்னதும் என்ன பேசன்னே தெரியலங்க. உங்க நெனப்பு வந்துது, பேசிட்டேன்"னா. நெனப்பு வந்துச்சாம்! கஷ்டத்துல சாமி நெனப்பு வரும், தாய் தகப்பன் நெனப்பு வரும். இவளுக்குத் தோசை தூக்குன புருசன் நெனப்பு வருது.

அதுக்குப் பொறவு ஒண்ணொண்ணாக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. கோயில் கொடைத் திருவிழா, ரோட்டரி, காலேஜு. எங்கக்கா வந்து, "மேடையில ஏறிப் பல்லக் காட்டுத பொம்பள வீட்டுல விளக்கேத்துனா வெளங்குமா?"ன்னு கேட்டா. நானும், "இதெல்லாம் ஒரு பொழப்பா? நாளைக்கி ஊரு சலிச்சுப் போச்சுன்னா தொண்டையத் தூக்கிட்டு எங்க போவ? கரகாட்டத்துக்கா?"ன்னு கேட்டேன். அவ மாவாட்டிக்கிட்டே இருந்தா. அடுத்த வாரம் சுரண்டையில பேசினா. அந்தக் கரகாட்டக் கேள்விக்குத்தான் அங்க ரொம்பக் கைதட்டு கெடைச்சுதாம்.

பொறவு பள்ளிக்கூடத்துத் தாளாளர் கூப்பிட்டு, பள்ளிக்கூடமா மேடையான்னு முடிவு பண்ணும்மான்னு சொல்லிட்டாரு. நல்ல மனுசன், சரியாச் சொன்னாரு. எவளா இருந்தாலும் பள்ளிக்கூடம்னு சொல்லுவா. மாசம் பொறந்தா சம்பளம், மே மாசம் லீவு. இவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேலைய விட்டுட்டு வந்து நிக்கா. "எனக்கு இதுதான் வருதுங்க. இத வச்சுப் பொழைச்சுக்கிடலாம்னு நம்பிக்கை இருக்கு"ங்கா. பேசிப் பொழைக்கப் போறாளாம்! நான் வியாபாரக் குடும்பம். கையில எடுத்துக் குடுக்க ஒரு பொருள் வேணும் அண்ணாச்சி. இவ எதைக் குடுக்கா? காத்த.

பதினோரு நாளு நான் அவகிட்டப் பேசல. பதினோரு நாளு! சாப்பாட்டு நேரத்துல தட்டத் தட்டுவேன், வச்சிட்டுப் போவா. அழுவான்னு பாத்தேன், இல்ல. பன்னிரண்டாம் நாளு நானே பொறுக்கமாட்டாம, "என்ன, புத்தி வந்துதா?"ன்னு கேட்டா, "அய்யோ, இன்னும் ரெண்டு நாளு பேசாம இருந்திருக்கப்படாதா? அமைதியா உக்காந்து எட்டுத் தலைப்புக்கு எழுதி முடிச்சிட்டேன்"ங்கா. நான் பேசாம இருந்தது தண்டனை அண்ணாச்சி. அது அவளுக்கு லீவாப் போச்சு.

அந்த வருசந்தான் கடைய மூடினேன். ஏன் மூடினேன்னா, பொம்பளப் பிள்ளைய ஊரு ஊராத் தனியா அனுப்ப முடியுமா? ஒரு துணை வேணுமில்லா? குடும்பத்துக்காகக் கடையவே விட்டவன் நான். எங்கயாவது மேடையில அதச் சொல்லியிருக்காளா? சொல்லமாட்டா.

பேங்க்காரன் கதவுல நோட்டீஸ் ஒட்டினது வாஸ்தவந்தான். ஊருல சொல்லியிருப்பானுவ, உங்க காதுலயும் விழுந்திருக்கும். அவன் ஒட்டலன்னாலும் நான் மூடத்தான் இருந்தேன். பஜார்ல மூணு மாடிக்கு ஒருத்தன் கடை போட்டான், சனம் பூரா அங்க ஓடிச்சு. ரசனை கெட்ட சனம். சரக்க லாரியில ஏத்துனானுவ. பெரிய வெங்கல உருளி ஒண்ணு, எங்கய்யா விக்கமாட்டேன்னு வாசல்ல வச்சிருந்தது, அதையும் தூக்கினானுவ. நான் எதிர்த்த டீக்கடையில நின்னு பாத்துட்டு இருந்தேன். உலகம்மாதான் உள்ள நின்னு ஒவ்வொண்ணா எண்ணி ஏத்தி, கையெழுத்துப் போட்டு, சாவியக் குடுத்துட்டு வந்தா.

அன்னைக்கிச் சாயங்காலம் அவளுக்குச் செங்கோட்டையில பட்டிமன்றம். அவ போமாட்டான்னு நான் நெனைச்சேன். எந்தப் பொம்பளையாவது போவாளா? போனா அண்ணாச்சி. மொகத்தக் கழுவிட்டு, பச்சைச் சேலையக் கட்டிக்கிட்டுப் போனா. நானும் பின்னால போனேன், துணைக்கு. பஸ்ஸுல ஜன்னலப் பாத்தே வந்தா, ஒரு வார்த்தை பேசல. மேடையில பேசணுமேன்னு மிச்சம் புடிச்சு வச்சிருப்பா. மேடையில ஏறினா, அரை மணி நேரம் பேசினா. சனம் உருண்டு உருண்டு சிரிச்சுது. கடை பூட்டுன அன்னைக்கி! எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்க. எனக்கு மூணு நாளு சோறு எறங்கல. அவ அந்த வாரம் பூராவும் ஊரு ஊராப் போயிப் பேசிட்டு வாறா. அரிசி பருப்பு எல்லாம் அது பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டுதான் இருந்துது, அதச் சொல்லல. மனசுன்னு ஒண்ணு வேணுமில்லா?

இப்பம் பாருங்க, ஒரு நிமிசம் சத்தம் இருக்காது. தண்ணி குடிக்கா. இப்பம், "எங்க வீட்டுக்காரரு..."ன்னு இழுப்பா. கேட்டேளா? சிரிக்கானுவ. இன்னும் ஒண்ணுமே சொல்லல, அதுக்குள்ள சிரிக்கானுவ.

இந்தத் தை மாசம் ஒரு கூத்து நடந்துது. அதச் சொன்னாத்தான் உங்களுக்கு இவ லட்சணம் புரியும். புளியங்குடிப் பக்கம் ஒரு ஊரு. பொங்கல் விழா, காலையில பத்து மணிக்கே பட்டிமன்றம். தலைப்பு, வீட்டைத் தாங்கி நிற்பது ஆண்களா பெண்களா. உலகம்மா பெண்கள் அணி. ஆண்கள் அணியில பேசவேண்டிய வாத்தியாருக்குக் காய்ச்சல், வரல. விழாக் கமிட்டிக்காரனுவ கையப் பெசஞ்சுட்டு நிக்கானுவ. அதுல ஒருத்தன் கார்ல உக்காந்திருந்த என்னையப் பாத்துட்டு, "சார், நீங்க ஏறிருங்களேன். பொண்டாட்டி ஒரு பக்கம், புருசன் ஒரு பக்கம். சனம் விழுந்து விழுந்து ரசிக்கும்"னான்.

உலகம்மா கேட்டுட்டு ஓடி வந்தா. "வேண்டாங்க. உங்களுக்கு இது பழக்கமில்ல"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பழக்கமில்லையா? வீட்டுல இருவது வருசமாப் பேசுதவன் யாரு? இவ மேடையில விக்கது யாரு சரக்கு? "இதென்ன பெரிய வித்தையாட்டி? வெறும் வாய்ப் பேச்சுதான? இன்னைக்கி நீ கேளு"ன்னு சொல்லி, சட்டைய இழுத்துவிட்டுட்டு ஏறிட்டேன்.

ஏறி உக்காந்தேன். துண்டு போட்டாங்க. அவ பேசினா, வழக்கம்போல தோசை, அக்கா, கிரைண்டர். கைதட்டு. பொறவு நடுவர் என் பேரச் சொன்னாரு. முழுப் பேரயும் சொன்னாரு, குற்றாலிங்கம்னு. நான் போயி மைக்குக்கு முன்னால நின்னேன்.

அண்ணாச்சி, நீங்க மைக்குக்கு முன்னால நின்னிருக்கேளா? நிக்காதீங்க. கீழ அம்புட்டுத் தலை. எல்லாம் நம்மளையே பாக்கு. "நடுவர் அவர்களே"ன்னேன். என் சத்தம் எங்கயோ தூரத்துல ஒரு கட்டடத்துல முட்டித் திரும்பி வருது. "நான் தென்காசியில ஒரு பாத்திரக்கடை வச்சிருந்தேன்"னேன். ஏன் அதச் சொன்னேன்னு தெரியல. சொல்லணும்னு நெனைச்சது வேற. அம்புட்டுத்தான். அடுத்த வார்த்தை வரல. சனம் காத்துட்டு இருக்கு, சிரிப்பு எங்கடான்னு. முன்னால இருந்த ஒரு கிழவி வெத்தல இடிக்கத நிப்பாட்டிட்டா. பின்னால இருந்து ஒருத்தன், "அண்ணாச்சி, அந்தக் கடைக்கு என்னாச்சு?"ன்னு கத்தினான். நாலு பேரு சிரிச்சான், பொறவு நாப்பது பேரு.

நான் சொல்லத்தான் போனேன், நம்புங்க. வாயத் தெறந்துட்டேன். அதுக்குள்ள இவ எந்திரிச்சு வந்து மைக்கைப் பிடிச்சிட்டா. எதிரணிக்காரி எந்திரிச்சு வரலாமா? சட்டம் இருக்கா? நடுவர் வாயப் பொளந்து பாக்காரு.

"நடுவர் அவர்களே, மன்னிக்கணும்"னா. "என் வீட்டுக்காரரு மேடையில பேசமாட்டாரு. இங்க நான் பேசுத அம்புட்டும் அவரு வீட்டுல பேசினதுதான். எனக்குப் பேச்சும் குடுத்து, என்னையக் கூட்டிட்டும் வந்து, இந்த வெயில்ல கார்ல உக்காந்திருக்காரே, அவரப்போல இந்தக் கூட்டத்துல எத்தனை ஆம்பளைங்க இருக்கீங்க? கையத் தூக்குங்க பாப்போம்"னா. ஒரு கையும் எழும்பல. பொம்பளைங்கல்லாம் பக்கத்துல இருந்த புருசனப் பாத்துச் சிரிக்காளுவ. "நடுவர் அவர்களே, நான் தோத்துட்டேன். எங்க வீட்டைத் தாங்குதது அவருதான்"னு சொல்லிட்டு, என் கையப் புடிச்சு உக்கார வச்சா.

கைதட்டுன்னா அப்பிடி ஒரு கைதட்டு. அந்தக் கிழவி எந்திரிச்சு நின்னு தட்டுதா. நடுவர் ஆண்கள் அணிக்கே தீர்ப்பு சொல்லிட்டாரு.

ஆமா, நான் ஜெயிச்சேன். ரெண்டு வரி பேசி ஜெயிச்சேன். ஏழு வருசமா ஊரு ஊராப் பேசுதவ, முத தடவ மேடையேறுன எங்கிட்டத் தோத்தா. அவ வாயாலயே ஒத்துக்கிட்டா, எல்லாருக்கும் முன்னால. ஆனா மறுநா பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமா? சொற்சாரலின் சாதுரியம்னு போட்டான். ஜெயிச்சவன் பேரு இல்ல. கூட்டத்துல யாரோ போன்ல புடிச்சு அனுப்பி, என் மவ திருநெல்வேலியில ஹாஸ்டல்ல இருந்து கூப்பிடுதா. "அப்பா, பாத்தேன்பா"ன்னு சொல்லிட்டு அழுதா. தகப்பன் ஜெயிச்சதுல சந்தோசம், வேற என்ன?

அதுக்குப் பொறவு எத்தனையோ ஊர்ல இருந்து ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடுதானுவ. நான் வரலன்னுட்டேன். எதுக்குன்னா, நான் மேடையேறிட்டா அவ பொழப்பு என்னத்துக்கு ஆவும்? பாவம், அதையும் நம்ம புடுங்கணுமா? பொழைச்சுட்டுப் போறான்னு விட்டுட்டேன்.

அன்னைக்கி அவ என்ன சொன்னாளா? நல்லாக் கேட்டீங்க. வண்டியில வரும்போது நான் விடல. "ஏட்டி, நான் பேச ஆரம்பிச்சேன், நீ எதுக்குக் குறுக்க வந்த? கடைக் கதையத்தான் சொல்லப் போனேன். தோசைக்கும் கிரைண்டருக்கும் இந்தச் சிரிப்பு சிரிக்கானே, அப்பன் கடைய ஒருத்தன் தொலைச்ச கதைன்னா எப்பிடிச் சிரிச்சிருப்பான்? அதவிடப் பெரிய சிரிப்பு உங்கிட்ட என்ன இருக்கு?"ன்னு கேட்டேன்.

கடையநல்லூர் தாண்டியாச்சு. அதுக்குப் பொறவு, "அது சிரிக்கதுக்கு இல்லங்க"ன்னா. அம்புட்டுத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பொறவு யோசிச்சுப் பாத்தேன். ஏழு வருசத்துல என்னைய விடல, எங்கக்காவ விடல, எங்கய்யாவோட குறட்டையக்கூட விடல. கடைய மட்டும் ஒரு மேடையில, ஒரு ஊர்ல தொட்டதில்ல. இதுக்கு என்ன அர்த்தம்? தொழில் தெரியலன்னு அர்த்தம். எது சிரிக்கதுக்கு, எது சிரிக்கதுக்கு இல்லன்னு கணக்குத் தெரியாதவளுக்கு ஊரு பட்டம் குடுக்கு, பொன்னாடை போத்துது. என்னத்தச் சொல்ல?

என்ன அண்ணாச்சி, தலையக் குனிஞ்சுட்டேங்க? நீங்களாவது இதுக்குச் சிரிப்பேங்கன்னு நெனைச்சேன்.

சவத்த விடுங்க. கைதட்டுச் சத்தம் கேக்கு, முடிச்சிட்டா. நான் எந்திரிக்கணும். பிளாஸ்க்குல சுக்கு வெந்நி இருக்கு, ஆத்தி வைக்கணும். மேடைய விட்டு எறங்கின கையோட எளஞ்சூடாக் குடிக்கணும், இல்லன்னா விடியக்குள்ள தொண்டை கட்டிரும். நாளைக்கி உடன்குடியில இருக்கு. அவளுக்கு எங்க இதெல்லாம் தெரியுது? பேச மட்டுந்தான் தெரியும்.